குழு உடைந்த பிறகு தனியாகப் பாடுவது எப்படி: ஒரு ஆக்ஸ்ஃபோர்டு பாடகரும் நம்ம சேலமும்

சேலத்தில் ஆர்கெஸ்ட்ரா குழுக்கள் உடைகிற மாதம் ஆவணி. ஆடி முழுக்கக் கோட்டை மாரியம்மனில் தொடங்கி அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊரெல்லாம் பண்டிகை. ஒரு மேடையிலிருந்து இறங்கி அடுத்த மேடை ஏறவே நேரம் சரியாக இருக்கும். சண்டை போட ஏது நேரம். பண்டிகை முடிந்து, பாக்கி வசூலாகி, கணக்குப் பார்க்க உட்காரும்போதுதான் எல்லாம் வெளியே வரும். யார் அதிகம் உழைத்தது, கூட்டம் யாருக்காக வந்தது, அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொண்டது யார்.

அப்புறம் எனக்குப் போன் வரும். "அக்கா, வெளிய வந்துட்டேன். இனி தனியாத்தான். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?" நானும் மெல்லிசைக் குழுவில் வருடக்கணக்காகப் பாடிவிட்டு, இப்போது சொந்தப் பாட்டை நானே பதிவு செய்து வெளியிடுகிறவள். போனில் சொல்வதை எல்லாம் இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

கேட்கிறவர்களிடம் முதலில் காஸ் கூம்ப்ஸ் என்ற இங்கிலாந்து ராக் பாடகரைப் பற்றிச் சொல்வேன். ஆக்ஸ்ஃபோர்டுக்காரர், 1976இல் பிறந்தவர். பள்ளி வயதிலேயே தி ஜெனிஃபர்ஸ் என்று ஒரு குழு வைத்திருந்தார். 1992இல் ஒரே ஒரு சிங்கிள் வந்தது, அதோடு சரி. அந்தக் குழுவின் டிரம்மர் டேனி காஃபியையும், பேஸ் கிட்டார் வாசிக்கும் மிக் க்வினையும் சேர்த்துக்கொண்டு 1993இல் சூப்பர்கிராஸ் ஆரம்பித்தார். 1995இல் முதல் ஆல்பம் 'ஐ ஷுட் கோகோ' பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அப்போது அவருக்கு 19 வயது. ஹாலிவுட்டிலிருந்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் கூப்பிட்டு, உங்களை வைத்து ஒரு டிவி தொடர் எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு ஆல்பம் போட்டார்கள். ஏழாவது வெளிவராமலே 2010இல் பாரிஸில் கடைசிக் கச்சேரி நடத்திக் கலைந்தார்கள்.

அதன் பிறகு 2012இல் அவருடைய முதல் தனி ஆல்பம். 2015இல் இரண்டாவது, 'மேட்டடார்'. அது பிரிட்டனில் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. அதே பரிசின் பட்டியலில் 1995இல் குழுவின் முதல் ஆல்பமும் இருந்தது. நடுவில் 20 வருடம். பரிசு இரண்டு தடவையும் வேறு ஆளுக்குப் போனது, அது வேறு விஷயம்.

பெரிய பெயர்கள் இருக்க, ஏன் இவர்? தி ஸ்மித்ஸ் குழு 1987இல் உடைந்தது. அதன் பாடகர் மோரிசி 1988 மார்ச்சிலேயே தனி ஆல்பம் போட்டு முதலிடம் பிடித்தார். தி வெர்வ் குழு 1999இல் உடைந்தது. அதன் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் மறு வருடமே முதலிடம். கூட்டமும் கூடவே கிளம்பி வந்த ஆட்கள் அவர்கள். நமக்கு அப்படி வராது. சூரமங்கலத்தில் உங்கள் பாட்டுக்கு விசில் அடித்தவன், அடுத்த ஆடியிலும் அதே குழுவின் பேனரைப் பார்த்துத்தான் வருவான். கூம்ப்ஸுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். புதிதாகக் கேட்பவர்களை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்த்தார். அவர் கதையிலிருந்துதான் நமக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

யார் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். குழுவில் ஒரு கச்சேரி நடக்க யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். உங்கள் பெயருக்கு நேரே "பாடினேன்" என்பது தவிர வேறு என்ன வருகிறது என்று பாருங்கள்.

பல பாடகர்களுக்கு இந்த இடத்தில்தான் முகம் வாடும். கோயில் கமிட்டியிடம் பேசி நாள் வாங்கியது கீபோர்ட் அண்ணன். எந்தப் பாட்டை எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், எடுப்பது என்று முடிவு செய்ததும் அவரே. தொண்டை கட்டிய அன்று சொல்லாமலே அரைக் கட்டை இறக்கி உங்களைக் காப்பாற்றியதும் அவர்தான். மைக் செட் ஆளிடம் சண்டை போட்டு பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை வாங்கித் தந்தது ரிதம் பேட் வாசிக்கிற தம்பி. வண்டி, சாப்பாடு, பாக்கி வசூல் எல்லாம் ஒருவர் தலையில். தனியாகப் போவதென்றால் இதெல்லாம் இனி உங்கள் வேலை. மூன்றையாவது கற்றுக்கொள்ளுங்கள், மீதிக்குக் காசு கொடுத்து ஆள் வையுங்கள்.

கூம்ப்ஸ் குழுவில் பாடகர், கிட்டார்காரர். தனி ஆல்பம் என்று வந்தபோது டிரம்ஸ், பேஸ், கீபோர்ட் என்று பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்தார். டேனி காஃபி அளவுக்கு அவர் டிரம்ஸ் அடிப்பாரா என்றால் மாட்டார். ஆனால் அந்தப் பாட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அடிப்பார். நீங்களும் கீபோர்டில் நாலு கார்டு (சேர்த்து அழுத்தும் சுரங்கள்) பிடிக்கவும், போனில் ஒரு தாளக்கட்டு போடவும் பழகினால் போதும். டோலக் மட்டும் ஆளை வைத்தே வாசிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் ரெடிமேடாக வரும் சாம்பிள் டோலக் எனக்குப் பிடிக்காது. அதில் விரல் இல்லை.

பாட்டு யாருடையது என்பதைப் பேசித் தீருங்கள்

இதைக் கோபம் ஆறிய பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். குழுவில் இருக்கும்போது சேர்ந்து போட்ட சொந்தப் பாட்டு ஏதாவது இருந்தால், வரி யார், மெட்டு யார், பதிவு செய்ய யார் காசு போட்டார் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சூப்பர்கிராஸில் பாடல்களுக்குக் குழுவினர் எல்லோர் பெயரையும் சேர்த்தே போட்டார்கள். அதனால் பிரிந்த பிறகு "இது என் பாட்டு" என்ற சண்டைக்கு அங்கே இடம் குறைவு.

இந்தியச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. கூட்டாக எழுதிய பாட்டை ஒருவர் மட்டும் தனியாக யாருக்கும் உரிமம் கொடுத்துவிட முடியாது. யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டிருந்தால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். இது தெரிந்த கம்பெனிக்காரர்கள் "நிரந்தரமாக, உலகம் முழுதும்" என்று தெளிவாகவே எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த வரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வையுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கவே முடியாது. அந்தப் பங்கு உங்கள் கைக்கு வர வரி எழுதுபவர்களுக்கும் மெட்டுப் போடுபவர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிய வேண்டும். பாடுவதற்கான பங்கை வசூலிக்கும் சங்கம் வேறு, இசாம்ரா.

இதை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு ஆஷ்கிராஃப்ட் கதை. 1997இல் தி வெர்வ் போட்ட 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி' உலகம் முழுக்க ஓடியது. அதில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் ஆர்கெஸ்ட்ரா வடிவத்திலிருந்து ஒரு துண்டு எடுத்திருந்தார்கள். அந்தத் துண்டுக்காக, ஆஷ்கிராஃப்ட் வரிகளை எழுதியவரே ஆனாலும், பாட்டின் ராயல்டி முழுக்க ஸ்டோன்ஸ் பக்கம் போனது. ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் மனம் வந்து திருப்பிக் கொடுத்தது 2019இல். நம் ஊரில் பழைய சினிமாப் பாட்டின் பிஜிஎம்மில் ஒரு துண்டை எடுத்துத் தன் பாட்டுக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. மேடையில் கைதட்டு வரும், யூடியூபில் உரிமைக்காரரின் கிளைம் வரும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். அங்கே பதிவான பாட்டுக்கும் இன்றைக்கு யாரோ ஒரு உரிமைக்காரர் இருப்பார்.

குழுவின் பெயரை விட்டுவிடுங்கள். யூபி40 என்ற பிரிட்டன் குழுவிலிருந்து 2008இல் பாடகர் அலி கேம்ப்பெல் வெளியேறிய பிறகு, ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் கோர்ட் வரை போயின. போஸ்டரில் "முன்னாள்" என்று சின்னதாகப் போட்டுக்கொள்வதற்கு மேல் அந்தப் பெயர் உங்களுக்கு எதுவும் செய்யாது.

நடுவில் ஒரு காலம் விடுங்கள்

கூம்ப்ஸ் நேராகத் தனி ஆல்பத்துக்குப் போகவில்லை. சூப்பர்கிராஸ் கலைவதற்குச் சற்று முன்பே அவரும் காஃபியும் சேர்ந்து தி ஹாட் ராட்ஸ் என்ற பெயரில் பிறர் பாட்டுகளைத் தங்கள் பாணியில் பாடி ஒரு ஆல்பம் போட்டார்கள். விளையாட்டு மாதிரி. அதில் யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

உங்களுக்கும் அந்தக் காலம் வேண்டும். ஒரு தைக்குள் பாட்டு வெளியிட்டே தீருவேன் என்று சபதம் போடாதீர்கள். சின்னக் கல்யாண ரிசப்ஷன், ஹோட்டல் லான், ஏற்காட்டில் கோடை விழா சமயம் விடுதிகளில் நடக்கும் மாலை நேரப் பாட்டு, இப்படிக் கிடைக்கிற இடத்தில் டிராக் (பதிவு செய்த பின்னணி இசை) போட்டுப் பாடுங்கள். உங்கள் குரல் எந்தக் கட்டையில், பக்கத்தில் யாரும் இல்லாமல், நன்றாக நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும். குழுவில் கோரஸ் சேர்ந்து மூடிவிட்ட மேல் ஸ்தாயி, தனியாக நிற்கும்போது கிழியும். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் குழுவில் பாடிய கட்டையிலிருந்து ஒன்று குறைத்தால்தான் சொந்தக் குரல் வெளிவருகிறது.

தறி ஓடும் தெருவில் பதிவு செய்வது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

சூப்பர்கிராஸின் முதல் ஆல்பம் கார்ன்வாலில் ஆற்றோரம் இருக்கும் சாமில்ஸ் என்ற ஸ்டுடியோவில் பதிவானது. அங்கே போக ரோடு கிடையாது. படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் ரயில் பாதை ஓரமாக நடக்க வேண்டும். இதைச் சொன்னால் உடனே எல்லோரும், "அப்ப நாமளும் ஏற்காட்டுல ஒரு பங்களா எடுத்துடலாம்க்கா" என்பார்கள். நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற குழுவுக்கு அது சரி. அதே கூம்ப்ஸ் 'மேட்டடார்' ஆல்பத்தின் பெரும்பகுதியை ஆக்ஸ்ஃபோர்டில் தன் வீட்டு ஸ்டுடியோவில் செய்தார். ஒற்றை ஆளுக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தைவிட, நினைத்த நேரத்தில் எழுந்து பாடுகிற இடம்தான் வேண்டும்.

தவிர, ஏற்காடு அவ்வளவு ஒன்றும் அமைதி இல்லை. சனி ஞாயிறு 20 கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன். வெயில் காலத்தில் சில்வண்டு கத்த ஆரம்பித்தால், அந்தச் சத்தம் நம் ச, ஸ ஒலிகள் இருக்கும் அதே உயரத்தில் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து மழுங்கும். பனி மூட்டத்தில், நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் ஈரம் பிடித்துப் படபடவென்று பொரியும். போகத்தான் வேண்டும் என்றால் வாரநாளில் போங்கள், மைக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். அம்மாபேட்டையிலோ குகையிலோ கொண்டலாம்பட்டியிலோ வீடு என்றால் பக்கத்தில் விசைத்தறி ஓடும். செவ்வாய்ப்பேட்டை என்றால் கொலுசுப் பட்டறைத் தட்டல். இதில் ஸ்டுடியோ எப்படி?

முதல் விஷயம், விலையைப் பார்த்துக் கண்டென்சர் மைக் வாங்காதீர்கள். அது மூன்று வீடு தள்ளி ஓடும் தறியையும் அள்ளிக்கொண்டு வரும். மேடையில் கைக்குப் பழகிய ஷ்யூர் எஸ்எம் 58 மாதிரி ஒரு டைனமிக் மைக் போதும். வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் குரல் மட்டும் பெரிதாக விழும், தூரச் சத்தம் சின்னதாகிவிடும். மைக்கின் பின்புறம் ஜன்னலைப் பார்க்கட்டும். பின்பக்கம்தான் அதற்குக் காது மந்தம். இவ்வளவு கிட்டத்தில் பாடினால் குரலில் கீழ் ஒலி கூடி ஊதிப்போகும், அதை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தறியின் 'தடக் தடக்' பாதி அதிலேயே போய்விடும். மீதிப் பாதி காற்றில் வருவதில்லை, தரை வழியாக ஸ்டாண்டில் ஏறி வருகிறது. ஸ்டாண்டை ஒரு மடித்த இலவம்பஞ்சு மெத்தைமேல் நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்டாண்டைத் தொட்டுப் பாருங்கள், விரலில் தறி தெரியும்.

அறைக்கு ஃபோம் வாங்கி ஒட்ட வேண்டாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பவானி ஜமக்காளத்தை இரட்டையாக மடித்துத் தொங்கவிடுங்கள். எதிரொலி அடங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்கள். சித்திரையில் அது தண்டனைதான், ஈரத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எனக்குப் பிடித்த உத்தி. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட்டை நிறுத்தும் நாளைப் பேப்பரில் போடுவார்கள். அன்றைக்குத் தெரு முழுக்கத் தறி நிற்கும். கிரைண்டர் இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை. லேப்டாப்பை முந்தின நாள் இரவே முழுக்கச் சார்ஜ் ஏற்றுங்கள். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, யூஎஸ்பி வழியே மின்சாரம் எடுப்பது என்றால் பிளக்கே தேவையில்லை. கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் அதை வெளியே எடுக்கலாம். அதற்கு வேண்டிய 48 வோல்ட்டையும் இன்டர்ஃபேஸே கொடுத்துவிடும். இன்வெர்ட்டரில் லேப்டாப்பைச் சொருகாதீர்கள், பழைய இன்வெர்ட்டர் என்றால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் பதிவில் ஏறும். முன்னாலேயே தாளமும் கார்டும் தயாராக இருந்தால், மதியத்துக்குள் இரண்டு பாட்டுக்குக் குரல் எடுத்துவிடலாம். தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள், அது இருந்துவிட்டுப் போகட்டும். என் பாட்டு ஒன்றில் சரணத்துக்கு முன்னால் ஒரு தட்டுவடை செட் வண்டியின் மணி கேட்கும். அதை நான் எடுக்கவில்லை.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி நின்றால் போதும். சிவப்பைத் தொட்டால்தான் நல்ல குரல் என்பது மைக் செட் காலத்துப் பழக்கம்.

வெளியிடுவது

இது சுலபமான வேலை, ஆனால் அவசரப்பட்டால் கெடும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி விநியோகச் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கினால் ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் எல்லாவற்றுக்கும் அவர்களே அனுப்புவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் கிடைக்கும்; அதை நோட்டில் எழுதிவையுங்கள், பிறகு சேவையை மாற்றும்போது அதுதான் பாட்டின் அடையாளம். வெளியீட்டுத் தேதியை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைக் காட்டுவதென்றால், வெளியாகும் நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பியாக வேண்டும்.

பணம் என்று பார்த்தால் நம்பி இருக்காதீர்கள். 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் காசே கிடையாது. மேடைதான் இன்னும் அரிசி வாங்கித் தரும். கூம்ப்ஸ் தன் தனிப் பாட்டுகளைச் சொந்த லேபிளில் வெளியிட்டவர். அந்த லேபிளுக்கு ஹாட் ஃப்ரூட் என்று பெயர். நாம் அதற்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, உரிமையாளர் என்ற கட்டத்தில் சொந்தப் பெயரை எழுதினால் ஆயிற்று.

மேடையில் பழைய பாட்டு

கூட்டம் கேட்கும். "அந்தப் பாட்டப் பாடுங்கக்கா" என்று சீட்டு வரும். என் கருத்து: முதல் வருடம் குழுவின் அடையாளமாக இருந்த பாட்டைத் தொடாதீர்கள். உங்களிடம் ஏழெட்டு சொந்தப் பாட்டு சேர்ந்த பிறகு, கடைசியில் ஒன்றை, வேறு வேகத்தில், ஒற்றைக் கிட்டாரிலோ கீபோர்டிலோ பாடுங்கள். முதலிலேயே பாடிவிட்டால் மீதி எல்லாம் அதற்கான இடைவெளி ஆகிவிடும். கோயில் மேடையில் இந்தப் பரிசோதனை வேண்டாம், கமிட்டி சம்பளம் தருவது அம்மன் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும். அங்கே சொந்தப் பாட்டு ஒன்று, நடுவில், அவ்வளவுதான்.

திரும்பக் கூப்பிட்டால்

கூப்பிடுவார்கள். கூம்ப்ஸ் மூன்றாவது தனி ஆல்பத்தை 2018இல் போட்டுவிட்டு, 2019இல் சூப்பர்கிராஸோடு மறுபடி மேடை ஏறினார். 2022 வரை சேர்ந்து வாசித்துவிட்டு, 2023 ஜனவரியில் நாலாவது தனி ஆல்பம். 2025இல் முதல் ஆல்பத்தின் 30ஆம் வருடத்துக்காக மறுபடியும் குழு. இரண்டு பக்கமும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

போங்கள். ரோஷம் பார்த்து ஆடி வருமானத்தை விட வேண்டாம். மூன்று விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: ஒரு மேடைக்கு எவ்வளவு, அட்வான்ஸ் யார் கைக்கு வரும், எந்தத் தேதி வரை. குழுவுக்குள் புதுப் பாட்டு போட்டால் அதற்குத் தனித் தாள் எழுத வேண்டும். உங்கள் சொந்தப் பாட்டு வெளியாகும் நாளை ஆடிக்குள் வைக்காதீர்கள். அப்போது தொண்டையும் இருக்காது, போனை எடுக்க நேரமும் இருக்காது. ஐப்பசியில் மழை பிடித்ததும் திறந்தவெளி மேடைகள் குறைந்துவிடும், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நான் என் பாட்டுகளை அப்போதுதான் விடுகிறேன்.